வந்தான் வரத்தான்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



எங்கள் பேச்சுவழக்கிலே 'வந்தான் வரத்தான்' என்றொரு தொடர் உண்டு. அதன் பொருள் எளியது: வேறிடத்திலிருந்து வந்து குடியேறியவன். ஆனால், அதனைச் சொல்லும்போது வாய் சற்றுக் கோணுகிறதே, அந்தக் கோணலிலே இன்னொரு பொருளும் இருக்கிறது. "ஆள் நல்ல மனிசன்தான், எண்டாலும் வந்தான் வரத்தான்" என்று கோயிற் கூட்டத்திலோ சங்கக் கூட்டத்திலோ ஒருவர் சொல்லிவிட்டால், அந்த மனிதரின் நற்குணங்கள் அத்தனையும் 'எண்டாலும்' என்ற ஒரு சொல்லோடு செலவாகிப் போகும். வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று எவரும் கேட்பதில்லை. பாட்டன் காலத்திலே வந்தவரின் பேரனும் வந்தான் வரத்தானே.

இதற்கு எதிர்ச்சொல் எது? ஊரவன் என்பீர்கள். அப்படியானால், வந்தவன் எந்த நாளில், எந்தக் காரியத்தினால் ஊரவன் ஆகிறான்? இன்றைய உரை இந்தக் கேள்வியைப் பற்றியது. விடை தேடி உங்களைச் சற்றுத் தூரம் அழைத்துப் போகிறேன். எம்மவர் பலர் நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஜேர்மனியின் பழைய சிறு நகரங்களுக்குத்தான். அதற்கு முன்னர் மதுரைக்கு ஒருமுறை போய்வருவோம்.

சிலப்பதிகாரம் படிப்பிக்கும்போது என் மாணவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: கோவலன் ஏன் இறந்தான்? ஊழ்வினை என்பார்கள், பொற்கொல்லனின் வஞ்சகம் என்பார்கள், பாண்டியன் ஆராயாமற் சொன்ன சொல் என்பார்கள். எல்லாம் சரியான விடைகள். பரீட்சையில் புள்ளியும் கிடைக்கும். ஆயினும் இவற்றோடு சேர்த்து எண்ணவேண்டிய ஒன்று உண்டு. புகார் நகரிலே மாசாத்துவானின் மகன் என்றால் அறியாதார் இல்லை. மதுரையிலோ அவனை அறிந்த ஓரிருவர் புறஞ்சேரியிலும் ஆயர்பாடியிலுமே இருந்தார்கள். கடைத்தெருவிலே ஒற்றைச் சிலம்போடு நின்ற அந்தப் புதியவனைச் சுட்டி, "இவனை எனக்குத் தெரியும், இவன் கள்வன் அல்லன்" என்று சொல்ல ஒரு வாய் இருக்கவில்லை. பழம்பெரும் நகரம் ஒன்றிலே அறிமுகமற்றவனாக நிற்பது எத்தனை ஆபத்தானது என்பதற்கு எங்கள் இலக்கியத்திலே இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. அதே காப்பியத்திலே மாதரியும் இருக்கிறாள். வந்த பெண்ணுக்கு வீடு கொடுத்து, பாத்திரமும் அரிசியும் காய்கறியும் கொடுத்து, துணைக்குத் தன் மகள் ஐயையையும் நிறுத்தியவள். கடைத்தெருவுக்கும் மாதரி வீட்டுக்கும் இடைப்பட்ட தூரமே புதியவனின் வாழ்க்கை.

இனி ஜேர்மனிக்கு வருவோம்.

இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று எம்மவர் போய்ச் சேர்ந்த மாநகரங்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அங்கெல்லாம் தமிழர் ஒன்றுசேர்ந்து கடைத்தெருக்களே அமைத்திருக்கிறார்கள். ஜேர்மனிக்குப் போனவர்களின் கதை வேறு. 1983 ஜூலைக் கலவரத்தின் பின்னர் போன இளைஞர்கள் பலர் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் கடந்தார்கள். 1986இல் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை அடைத்தது. வந்தவர்கள் விரும்பிய நகரத்திலே தங்க முடியவில்லை. தஞ்சம் கேட்போரை மாநிலங்களுக்குப் பங்கிட்டு, மாநிலங்கள் அவர்களை மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் பங்கிடுவது அந்நாட்டு முறை. இன்றைக்கு அந்தப் பங்கீட்டுக்குக் கோனிக்ஸ்டைன் விகிதம் என்று பெயர். மூன்றில் இரண்டு பங்கு மாநிலத்தின் வரி வருமானத்தையும், ஒரு பங்கு அதன் சனத்தொகையையும் பார்த்துக் கணிப்பார்கள். அத்தோடு 1982ஆம் ஆண்டின் சட்டம் இன்னொரு கட்டையும் போட்டிருந்தது. விண்ணப்பம் தீரும்வரை ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போகக்கூடாது. பக்கத்து மாவட்டத்திலிருக்கும் சொந்தத் தம்பியைப் பார்க்கவும் கடிதம் வேண்டும்.

இவ்வாறுதான், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் பிறந்த பிள்ளைகள், தாம் ஒருபோதும் பெயர் கேட்டறியாத ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நடுவிலே சந்தைச் சதுக்கம், ஒரு பக்கம் நகரசபை, மறுபக்கம் தேவாலயம், சுற்றிவர மரச்சட்டங்களுக்கிடையே சுண்ணாம்புச் சுவர் வைத்த நூற்றாண்டுக்கணக்கான வீடுகள். அங்கே யாவரும் யாவரையும் அறிவார்கள். இவர்களை மாத்திரம் எவரும் அறியார்.

எனது பெரியப்பாவின் மகன் ஒருவர் அப்படிப்பட்ட ஊர் ஒன்றிலே, தெற்கேயுள்ள வூர்ட்டம்பேர்க் பகுதியிலே, 1985 தொடக்கம் வாழ்ந்து வருகிறார். சிறுவயதில் அவருடைய நீலநிறக் கடிதங்களை வீட்டார் அனைவருக்கும் உரக்க வாசித்துக் காட்டும் வேலை என்னுடையது. அந்தக் கடிதங்களில் குளிரும் பனியும் இருந்தன. அனுப்பிய காசின் கணக்கு இருந்தது. 'ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்' என்ற வரி தவறாமல் இருந்தது. அன்றாட வாழ்க்கை இருக்கவில்லை. அதனை அவர் சொல்லத் தொடங்கியது வெகுகாலத்தின் பின்னர், கைத்தொலைபேசியிலே முகம் பார்த்துப் பேசக்கூடிய இந்தக் காலத்திலேதான். இனி நான் சொல்லப்போவனவற்றிற் பல அவர் வாயிலாக அறிந்தவை.

முதலாவது, பெயர். அங்கே வீடு மாறுபவர் எவராயினும், ஜேர்மனியராக இருந்தாலுங்கூட, நகரசபையிலே பதியவேண்டும். இன்றைய சட்டப்படி இரண்டு வாரத்துக்குள் பதியவேண்டும். படிவத்திலே இரண்டு கட்டங்கள்: சொந்தப் பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்று. எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பன் பெயரே அந்தக் கட்டத்துள் போயிற்று. பின்னர் வந்துசேர்ந்த மனைவிக்கு அவளுடைய தகப்பன் பெயர். வாசலிலே அழைப்பு மணியின் பக்கத்தில் குடும்பப் பெயரை எழுதி வைப்பது அங்குள்ள வழக்கம். அதைப் பார்த்தே தபாற்காரர் கடிதம் போடுவார். அண்ணர் வீட்டு வாசலிலே இரண்டு பெயர்கள். "ஐயாவின்ர பேரைச் சொல்லித்தான் எல்லாரும் என்னைக் கூப்பிடுகினம். ஐயாதான் ஒவ்வொரு நாளும் இஞ்ச வேலைக்குப் போறார்" என்று அண்ணர் சிரித்துக்கொண்டு சொல்வார். ஊரிலே தம் பிள்ளைகளின் கலியாணத்தைக் காணாமலே கண்மூடிய சம்பந்திகள் இருவர், ஜேர்மன் வாசற்கதவொன்றிலே பக்கத்துப் பக்கத்தில் நின்று வரவேற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, நேரம். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே கடைகள் வார நாட்களில் மாலை ஆறரை மணிக்கும் சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கும் பூட்டப்பட்டன. பிற்காலத்தில் இந்த நேரங்கள் தளர்த்தப்பட்டபோதிலும், ஞாயிறு இன்றும் பூட்டுத்தான். சனிக்கிழமை பால் வாங்க மறந்தவர் திங்கட்கிழமைவரை வெறுந் தேத்தண்ணீர் குடிக்கவேண்டியதே. இரவு பத்து மணிக்குப் பின்னர் சத்தம் கூடாது. பல வீடுகளில் மத்தியானத்திலும் ஓய்வு நேரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வெற்றுப் போத்தலைக் கண்ணாடிக் கழிவுத் தொட்டியிற் போட்டாற்கூட யன்னல் ஒன்று திறக்கும். இரவு பத்து மணிக்கு விருந்தினர் வந்தாலும் அடுப்பை மூட்டி அரிசி களையும் பழக்கத்திலே வளர்ந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? மிளகாய் வறுக்கும் நாளிலே மாடிப்படி முழுவதும் யன்னல்கள் திறக்கப்படும் சத்தம் கேட்குமாம்.

மூன்றாவது, குப்பை. கடதாசிக்கு ஒன்று, சமையற் கழிவுக்கு ஒன்று, எஞ்சியதற்கு ஒன்று என்று தொட்டிகள். போத்தல்களிலும் வெள்ளை வேறு, பச்சை வேறு, மண்ணிறம் வேறு. 1991இன் பொதியிடற் சட்டத்தின் பின்னர் பொதிகளுக்கென்று மஞ்சட் பையும் வந்தது. எந்த நாளில் எது வாசலுக்கு வரவேண்டும் என்பதற்கு ஆண்டுக்கொரு நாட்காட்டி உண்டு. எங்கள் வீடுகளில் பஞ்சாங்கம் தொங்கும் இடத்திலே அவர்களுக்கு அது தொங்குகிறது.

இவையெல்லாம் சிறு விடயங்கள், இவற்றில் இலக்கியத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இனிச் சொல்வதைக் கேளுங்கள்.

அந்த வூர்ட்டம்பேர்க் பகுதியிலே 'கேர்வொக' என்றொரு வழக்கம் இருக்கிறது. கூட்டும் வாரம் என்று தமிழாக்கலாம். பல குடும்பங்கள் வாழும் ஒரு கட்டடத்திலே, ஒவ்வொரு வாரமும் ஒரு குடும்பம் படிக்கட்டைக் கூட்டித் துடைக்கவேண்டும். பெரிய முறை என்றால் முன்வாசல், நிலவறை, தெருவோர நடைபாதை எல்லாம் சேரும். பனிக்காலத்திலே விடியற்புறம் எழும்பிப் பனியை வழித்து மணல் தூவுவதும் அதற்குள் அடங்கும். இதன் வேர் மிகப் பழையது. 1492இலேயே ஸ்ருட்கார்ட் நகரத்துச் சட்டம் குடிமக்கள் தத்தம் கழிவை வாரந்தோறும் அகற்றவேண்டுமென்று விதித்திருந்தது. முறை யாருடையதோ அவருடைய கதவிலே சிறு பலகை ஒன்று தொங்கும். வாரம் முடிய அவர் அதை அடுத்த கதவிலே கொண்டுபோய் மாட்டுவார். ஊரெல்லாம் அறிய, இந்த வாரம் இவருடைய முறை.

அண்ணர் முதன்முதலாகச் சொந்தமாக வாடகை வீடு எடுத்து அத்தகைய கட்டடம் ஒன்றுக்குப் போனபோது, பலகை அவருடைய கதவுக்கு வரவில்லை. கீழ்வீட்டிலே எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர். அவருடைய முறை முடிந்ததும் பலகை அண்ணருடைய கதவைக் கடந்து நேரே மேல்மாடிக்குப் போயிற்று. அடுத்த சுற்றிலும் அப்படியே. "முதலிலை எனக்குப் புழுகம். வேலை மிச்சம் எண்டு நினைச்சன். பிறகு ஒருநாள் படியிலை நிண்டு யோசிச்சுப் பார்த்தன். இவை எனக்குச் சலுகை தரேல்லை, கணக்கிலை எடுக்கேல்லை" என்று அவர் சொன்னார்.

இந்த வேறுபாட்டை அவர் உணர்ந்ததுதான் பெரிய விடயம் என்று நான் கருதுகிறேன். உபசாரத்துக்கும் உரித்துக்கும் உள்ள வேறுபாடு அது. விருந்தாளி வேலை செய்வதில்லை. விருந்தாளிக்கு அந்த வீட்டிலே வாக்கும் இல்லை. ஒரு சனிக்கிழமை அண்ணர் கீழே போய் மூதாட்டியின் கதவைத் தட்டி, தமக்குத் தெரிந்த டொச் மொழியிலே, அந்தப் பலகை தமக்கு வேண்டும் என்று கேட்டார். அவர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. மறுநாள் படிக்கட்டின் மூலைகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சோதித்தாராம். மூன்றாம் படியிலே தூசி இருந்தது, அதைச் சொன்னார். "அண்டைக்குத்தான் அந்த மனிசி என்னோடை முதன்முதல் கதைச்சது" என்கிறார் அண்ணர்.

தமிழாசிரியன் என்ற வகையிலே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதன் பின்னர் வருவது. ஜேர்மன் மொழியிலே முன்னிலைக்கு இரண்டு சொற்கள் உண்டு. 'டு' என்பது நீ. 'ஸீ' என்பது நீங்கள். எங்களிடம் இடையிலே 'நீர்' என்று ஒன்றும் இருப்பதால் நாங்கள் இந்த நுட்பத்தை இலகுவிலே விளங்கிக்கொள்வோம். அறியாத ஒருவரை 'டு' என்று விளிப்பது அங்கே மரியாதைக் குறைவு. ஆனால் நிறம் வேறான கூலியாட்களை 'டு' என்று அழைக்கும் வாய்கள் அங்கேயும் இருந்தன. எங்கள் தோட்டந்துரவுகளிலே வயது மூத்த கூலிக்காரரை 'நீ' என்று கூப்பிட்ட வாய்களை நாமும் கேட்டவர்கள்தானே. அந்த மூதாட்டியும் அண்ணரைத் தொடக்கத்திலே 'டு' என்றே அழைத்தார். பலகை கைமாறிய சில மாதங்களில் அது 'ஸீ' ஆயிற்று, தகப்பன் பெயரோடு 'திருவாளர்' என்ற அடைமொழியும் சேர்ந்துகொண்டது. ஆறேழு ஆண்டுகள் கழித்து, அண்ணருக்கு முதற் பிள்ளை பிறந்தபோது, அவர் ஒரு கேக் செய்து எடுத்துக்கொண்டு மேலே வந்து, "இனி நாங்கள் ஒருவரையொருவர் 'டு' என்று சொல்லிக்கொள்வோமா?" என்று கேட்டார். மூத்தவர்தான் அப்படிக் கேட்கவேண்டும் என்பது அவர்களின் மரபு. பாருங்கள் நேயர்களே, ஒரே சொல்தான். முதலிலே அது இளக்காரம். கடைசியிலே அது உறவு. இரண்டுக்கும் நடுவிலே ஒரு விளக்குமாறும் ஒரு மரப்பலகையும் இருந்தன.

இதனைக் கேட்டு, ஜேர்மன் சிறு நகரங்களெல்லாம் மாதரி வீடுகள் என்று நீங்கள் எண்ணிவிடக்கூடாது. 1992 நவம்பரிலே மொல்ன் என்ற மிகப் பழைய, அழகிய சிறு நகரத்திலே துருக்கியக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளுக்கு இனவெறியர்கள் தீ வைத்தார்கள். ஒரு பாட்டியும் இரண்டு சிறுமிகளும் இறந்தனர். 1993 மே மாதம் ஸோலிங்கன் நகரிலே அவ்வாறே ஐந்து பெண்களும் சிறுமிகளும் எரிந்தனர். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர்தான் தஞ்சம் கோரும் உரிமையைச் சுருக்கும் திருத்தத்துக்கு அந்நாட்டுப் பாராளுமன்றம் வாக்களித்திருந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் புதிதாக வந்தவையல்ல. ஆண்டுக்கணக்கில் அங்கே உழைத்தவை. ஆகவே, வந்தவன் தன் பங்கைச் செய்தாற் போதும், ஊர் தானாக ஏற்றுக்கொள்ளும் என்பது பாதி உண்மை மாத்திரமே. பலகையை வாங்கக் கை நீளவேண்டும். அதைக் கொடுக்கவும் ஒரு கை நீளவேண்டும்.

இரண்டு கைகளும் நீண்ட இன்னோர் இடத்தைச் சொல்கிறேன். வெஸ்ற்பாலியாப் பகுதியிலுள்ள ஹம் நகரம் 1226இல் நிறுவப்பட்டது. அங்கே 1989இல் ஒரு வீட்டு நிலவறையிலே காமாட்சி அம்பாளுக்கு விளக்கேற்றினார்கள் எம்மவர்கள். 1993இல் முதன்முறையாக அம்பாள் வீதியுலா வந்தாள். சில நூறு பேர் வந்த திருவிழாவுக்குச் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் வரத்தொடங்கினர். மேளமும் நாதஸ்வரமும், நிறுத்த இடமில்லாத வாகனங்களும், தெருவெல்லாம் சனமும். அயலவர்கள் நகரசபையிலே முறையிட்டார்கள். அவர்களையும் நாம் குறைசொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை போத்தல் சத்தத்துக்கே யன்னல் திறப்பவர்கள் அவர்கள். கோயிலைத் தடைசெய்திருக்கலாம், கோயிற்காரர் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். நடந்தது வேறு. நகரசபையும் கோயிலாரும் பேசி, ஊன்ட்ரொப் என்ற புறநகர்ப் பகுதியிலே, குடிமனைகளுக்கு அப்பால், தொழிற்சாலைகளுக்கான நிலத்திலே இடம் கண்டார்கள். ஜேர்மன் கட்டடக் கலைஞர் ஒருவர் வரைபடம் வரைந்தார். சிற்பிகள் இந்தியாவிலிருந்து வந்தார்கள். பதினேழு மீற்றர் உயர இராசகோபுரத்தோடு 2002 ஜூலை 7ஆம் திகதி குடமுழுக்கு நடந்தது. தீர்த்தோற்சவத்துக்குப் பக்கத்திலுள்ள கப்பற் கால்வாய். இன்றைக்கு அந்தத் தேர்த்திருவிழா ஹம் நகரத்தின் பெருமைகளில் ஒன்று. வடம் பிடிப்பவர்களோடு நகரத்து ஜேர்மனியரும் நிற்கிறார்கள்.

வந்தவர்களின் கூட்டம் ஓர் ஊருக்குச் சுமை என்று எண்ணுவோர் கால்வ் என்ற ஊரையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அதுவும் வூர்ட்டம்பேர்க்கிலே, கறுப்புக் காடு எனப்படும் மலைப்பகுதியின் ஓரத்திலுள்ள சிற்றூர். 1877இல் அங்கே பிறந்தவர் ஹெர்மன் ஹெஸ்ஸ. 'சித்தார்த்தா' நாவலை எழுதியவர் என்றால் எமது வாசகர்கள் அறிவார்கள். தம் ஊரைக் 'கேர்பர்ஸவ்' என்ற கற்பனைப் பெயரிலே பல கதைகளில் எழுதியவர் அவர். ஜேர்மன் சிறு நகரத்தை அணு அணுவாக அறிந்த அந்த எழுத்தாளரின் குடும்பம் அவ்வூர்க் குடும்பமா? இல்லை. தகப்பன் பால்டிக் கரையிலுள்ள எஸ்தோனியாவிலே பிறந்து, ருஷ்யப் பேரரசின் குடியாக வந்தவர். தாய் பிறந்தது தென்னிந்தியாவிலே, கேரளத்துத் தலச்சேரியிலே. தாயின் தகப்பனான ஹெர்மன் குண்டெர்ட், மலையாளத்துக்குப் பேரகராதி செய்து 1872இல் வெளியிட்டவர். அந்த வீட்டிலே பல மொழிகளும் பல தேசத்துக் கதைகளும் இருந்தன. எங்கள் சொல்லிலே சொன்னால், ஹெஸ்ஸவும் வந்தான் வரத்தானின் பிள்ளை. இன்று கால்வ் ஊருக்குப் போகிறவர்கள் அவருடைய பெயருக்காகவே போகிறார்கள். ஊரின் பழைய பாலத்திலே அவருடைய சிலை நிற்கிறது. ஊரவர் எவரையும்விட அந்த ஊரை அதிகமாகப் பார்த்தவன் வந்தவரின் பிள்ளைதான். எப்போதும் வாசலில் நிற்பவனுக்கே உள்ளேயும் தெரியும், வெளியேயும் தெரியும்.

எம்மவரின் பிள்ளைகள் அப்படி எழுதுவார்களா? எழுதும் வழக்கம் அங்கே தொடக்கத்திலிருந்தே இருந்தது. சிறு நகரங்களின் அகதி அறைகளிலிருந்தே கையெழுத்துப் பிரதிகளாகவும் நிழற்பிரதிகளாகவும் சிற்றேடுகள் வெளிவந்தன. 'தூண்டில்', 'பூவரசு' போன்ற பெயர்களை மூத்த வாசகர்கள் நினைவுகூர்வார்கள். 1988இல் ஹேர்ண நகரிலே தொடங்கிய இலக்கியச் சந்திப்பு பின்னர் பல நாடுகளுக்கும் பரவி, 2013இல் யாழ்ப்பாணத்திலும் கூடியது. அந்த எழுத்துக்களிலே ஊர் நினைவும், போரின் துயரும், அகதி வாழ்வின் அவமானமும் நிறைய உண்டு. அவை அவசியமானவை. எனினும், வாசகனாக என் விருப்பம் ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் படிக்கட்டும், அந்தப் பலகையும், மூன்றாம் படியின் தூசியும் இன்னும் நிறைய எழுதப்படவேண்டும். இழந்த ஊரைப் பற்றிய இலக்கியம் எங்களிடம் மலைபோல் இருக்கிறது. அடைந்த ஊரைப் பற்றிய இலக்கியம் இப்போதுதான் முளைவிடுகிறது.

இதுவரை தூரத்து ஊர்களைப் பற்றிப் பேசினேன். இனி எங்கள் வாசலுக்கு வருவோம்.

எங்கள் வன்னி யாருடைய ஊர்? பழைய அடங்காப்பற்றுக் குடிகள் ஒருபுறமிருக்க, கிளிநொச்சி நகரமே வந்தவர்களால் ஆனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. 1930களிலே காணி கொடுத்துக் குடியேற்றினார்கள். தனி மாவட்டமாக ஆனது 1984இல். 1958, 1977, 1983 என்று தெற்கிலே ஒவ்வொரு முறை தீ மூண்டபோதும் மலையகத்திலிருந்து தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தன. அவர்களிற் பலரைக் காந்தீயம் அமைப்பு காடு வெட்டிக் குடியமர்த்தியது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே பெயர்ந்து, அதிற் பெரும்பகுதி வன்னிக்கு வந்தது. 2009இலே வன்னி முழுவதுமே பெயர்ந்து, முகாமிலே கிடந்து, திரும்பியது. இங்கே எவருடைய கதவிலே 'ஊரவன்' என்று எழுதலாம்? ஒருவரையொருவர் வந்தான் வரத்தான் என்று சொல்லிக்கொள்ளும் வந்தான் வரத்தான்கள் நாங்கள்.

நான் படிப்பிக்கும் இந்துக் கல்லூரியிலே பத்தாம் வகுப்புக்கு 'எனது ஊர்' என்று கட்டுரை கொடுப்பதுண்டு. ஒருமுறை பாரதிபுரத்துப் பிள்ளை ஒருத்தி எழுதாமல் இருந்தாள். கேட்டபோது, "சேர், நான் பிறந்த ஊரை எழுதவா, இல்லாட்டி அப்பப்பா வந்த தோட்டத்தை எழுதவா? இஞ்ச எங்களை மலைநாட்டு ஆக்கள் எண்டுதானே சொல்லுகினம்" என்றாள். அந்தப் பிள்ளையின் தகப்பனே கிளிநொச்சியிலே பிறந்தவர். இரண்டு தலைமுறை இந்த மண்ணிலே கிடந்தும் அவளுடைய கதவுக்குப் பலகை வரவில்லை.

எங்களிடமும் முறைகள் இருக்கின்றன, நேயர்களே. வாய்க்காலிலே தண்ணீர் முறை இருக்கிறது. கோயிலிலே திருவிழா உபயம் இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலே, கிராம அபிவிருத்திச் சங்கத்திலே, மரணச் சங்கத்திலே பொறுப்புக்கள் இருக்கின்றன. சிரமதானம் என்றால் எல்லோரையும் அழைக்கிறோம். குளக்கட்டிலே மண் சுமக்க எவரும் வந்தான் வரத்தான் அல்லர். ஆனால் உபயகாரர் பட்டியலை எடுத்துப் பாருங்கள்; சங்கத்தின் நிருவாகசபைப் பெயர்களை எடுத்துப் பாருங்கள். வயற்காணி இல்லாதவனுக்கு வாய்க்கால் முறை இல்லை என்பது கணக்குப்படி சரி. அவனுக்கு ஏன் காணி இல்லை என்ற கேள்வி அந்தக் கணக்கிலே வருவதில்லை. உழைப்பிலே பங்கு, உரித்திலே இல்லை. ஜேர்மனியிலே பலகை கதவைத் தாண்டிப் போனபோது அண்ணருக்கு உறைத்தது எதுவோ, அதுவே இங்கேயும் உறைக்கவேண்டும்.

இன்று எங்கள் மாணவர்களிற் பலர் வெளிநாடு போகும் எண்ணத்திலே இருக்கிறார்கள். தொழிற்பயிற்சிக்கென்றும் தாதியர் வேலைக்கென்றும் டொச் மொழி படிக்கிறார்கள். போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2005 முதல் அங்கே குடியேறியவர்களுக்கு 600 மணித்தியால மொழி வகுப்பு நடக்கிறது. எண்பதுகளிலே போனவர்கள் அகராதியையும் சைகையையும் நம்பியே பிழைத்தார்கள். ஆகவே இவர்களின் பாதை சற்று இலகுவானதே. ஆனால் போகுமுன்னர் இங்கே ஒரு பாடத்தைப் படித்துவிட்டுப் போனால் நல்லது. பக்கத்து வாங்கிலே இருக்கும் பிள்ளையை வந்த ஆள் என்று சொன்ன வாய், அங்கே போய் அதே சொல்லை இன்னொரு மொழியிலே கேட்கும்போது எந்த முகத்தோடு வருந்தும்?

அந்தப் பிள்ளை கடைசியிலே கட்டுரையை எழுதினாள். பாரதிபுரத்துக் கிணற்றடியைப் பற்றி, வெள்ளத்துக்குப் பக்கத்து வீட்டார் வந்து தங்கள் கொட்டிலிலே படுத்ததைப் பற்றி, அப்பப்பா நட்ட பலாமரத்தைப் பற்றி. வகுப்பிலே அதை உரக்க வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடிந்ததும் பின்வாங்கிலிருந்து ஒருவன், அவனும் எங்கிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளைதான், "உங்கட பலாப்பழம் எங்கட வீட்டுக்கும் வாறது" என்றான். வகுப்புச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அந்த ஆண்டு சரஸ்வதி பூசைக்கு வகுப்பு முறை எழுதும் பொறுப்பை அவளிடமே கொடுத்தோம். எங்கள் கரும்பலகையிலே முதன்முறையாக அவளுடைய கையெழுத்தில் எல்லோருடைய பெயரும் வந்தது.